தொட்டி லைட்டை நிப்பாட்டு மகன்

அன்பு மகன்,

நீ அனுப்பின மீன்தொட்டிப் படம் கிடைச்சது. அண்டைக்கு ஆடி அமாவாசை எண்டு உனக்குத் தெரியாம இருந்திருக்காது. கடல்ல தீர்த்தமாடிட்டு வந்து காத்தோட்டிக்காய் பொரிச்சு அப்பாக்குப் படைச்சு, காகத்துக்கு சோறு வச்சிட்டு நிக்கேக்கதான் போன் சத்தம் கேட்டது, நீதான் எண்டு ஈரக்கையோட ஓடி வந்து பாத்தா ஒரு படமும் "கல்லில பாசி போகுதில்ல அம்மா" எண்டு ஒரு வரியும். அப்பாட நாள், ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சரி விடு, அதாவது அனுப்பினியே. இஞ்ச மத்தியானம் ஒரு மணி, உங்க டொரன்டோவில விடிய மூண்டரை. அந்த நேரத்தில தொட்டி லைட் எரியுது.

பின்வளவுப் பொடியன் இப்ப தொட்டி மீன் வளர்த்து விக்கிறான், உனக்குத் தெரியும்தானே, அவனைக் கூப்பிட்டு படத்தைக் காட்டினன். பாத்த உடன "ஆன்ட்டி, லைட் எத்தின மணித்தியாலம் எரியுது" எண்டுதான் கேட்டான். நாளுக்கு ஆறு, கூடினா எட்டு மணித்தியாலம் போதுமாம். அதுக்கு மேல எரிஞ்சா செடிக்கு வேண்டாத வெளிச்சத்தை பாசி தின்னுமாம். ஒரு டைமர் வாங்கிப் போடு. ராத்திரி பத்து மணிக்கு லைட் நிக்கோணும், நீயும் படு.

கல்லை வெளியில எடுத்துத்தான் தேய்க்கோணும். ஒரு வாளிக்குள்ள தொட்டித் தண்ணியையே அள்ளி வச்சு பழைய டூத் பிரஷால தேய், சவுக்காரம் கிட்டவும் கொண்டு போகாத. உன்ர கல்லில இருக்கிறது தலைமயிர் மாதிரி நீளப் பாசி, அதை தேய்க்க முதல் பிரஷ்ஷை பாசிக்குள்ள குத்தி சுத்து, நூல்கட்டையில நூல் சுத்தின மாதிரி முழுக்கச் சுத்திக்கொண்டு வரும். நான் எங்கட கிணத்துக்கட்டுப் பாசியில செய்து பாத்தனான், வருது. கல்லை அவிச்சுப் போடாத, உள்ளுக்க தண்ணி நிண்டா வெடிக்கும். அந்த வெள்ளைக் கல்லு சுண்ணாம்புக்கல்லோ தெரியேல்ல, அதில ரெண்டு சொட்டு வினாகிரி விட்டுப் பார், நுரைச்சா தொட்டிக்குள்ள வைக்காத, தண்ணி கடினமாகிக்கொண்டே போகும்.

அதுக்கும் போகாட்டி பிளீச் போடலாமாம், ஒரு பங்கு பிளீச்சுக்கு இருவது பங்கு தண்ணி, ரெண்டு மூண்டு நிமிசம்தான், பிறகு நல்லா அலசி, குளோரின் எடுக்கிற மருந்து விட்ட தண்ணியில ஊறவச்சு, மணம் துப்புரவாப் போகுமட்டும் வெயில்ல காயவிடோணும்.

மகன், இதை எழுதேக்க எனக்குக் கை நடுங்குது. 2005ஆம் ஆண்டு, சுனாமிக்குப் பிறகு கிணறு இறைச்சு பிளீச்சிங் பவுடர் போட்டம், அதில மிச்சம் குசினித் தட்டில இருந்தது. உனக்கு ஒம்பது வயசு. பின்னேரம் ஆக்கள் வருகினம், தொட்டி பச்சைப் பசேலெண்டு கிடக்கு எண்டு நீ பள்ளிக்கூடம் போன நேரம் நான்தான் கல்லெல்லாம் எடுத்து பிளீச்சிங்ல ஊறவச்சு தும்பால தேச்சு, ஒருக்கா அலசிட்டு திருப்பி வச்சன், தண்ணியையும் அடியோட மாத்தினன். நீ வரேக்க பதினொரு கப்பி மீனும் மேல மிதக்குது. நான் என்ன சொன்னன்? நீ கூடத் தீன் போட்டனி, அதான் செத்தது எண்டு சொன்னன். அப்பாக்கும் அப்பிடித்தான் சொன்னன், அவர் அதை நம்பினபடியே போயிட்டார். நீ வாழைக்குக் கீழ குழி தோண்டித் தாட்டிட்டு ரெண்டு நாளா சோறு தொடேல்ல. அதுக்குப் பிறகுதான் எது நடந்தாலும் "நான்தான் பிழை விட்டிட்டன்" எண்டு சொல்லப் பழகினியோ எண்டு யோசிக்கிறன். போன மாசம் கதைக்கேக்கயும் அதைத்தான் சொன்னாய். கொழும்பு மாமி ஏதோ சொன்னவ, நான் காது குடுக்கேல்ல, நீயா சொல்லுமட்டும் நானும் கேக்க மாட்டன். ஆனா அந்த மீன் உன்னால சாகேல்ல. நான் கொண்டனான்.

அதால சொல்லுறன், எல்லாத்தையும் ஒரே நாளில கழுவாத. இண்டைக்கு ரெண்டு கல்லு, வாற கிழமை ரெண்டு கல்லு. ஃபில்டர் பஞ்சை பைப்புத் தண்ணியில பிழியாத, அதிலதான் நல்ல கிருமி இருக்கு, மீன்ர கழிவில வாற அமோனியாவை நைட்ரைட்டாக்கி நைட்ரேட்டாக்கிறது அதுதான், புதுத் தொட்டியில அது ஊண்டிக்கொள்ள நாலு தொடக்கம் ஆறு கிழமை செல்லும். கிழமைக்கு கால்வாசித் தண்ணி மாத்தினாக் காணும். இஞ்ச நாங்கள் வாளியில ஒரு நாள் வச்சு குளோரின் போக விடுற மாதிரி உங்க சரிவராது, டொரன்டோத் தண்ணியில போடுறது குளோரமின், அது தானாப் போகாது, மருந்து விட்டே ஆகோணும்.

செடி வைக்கிறதெண்டா கொஞ்சமா வைக்காத, தொடங்கேக்கயே நிறைய வை, சத்தை செடி இழுத்தா பாசிக்கு மிஞ்சாது. பின்னால கெதியா வளர்ற வலிஸ்னேரியா. கல்லில அனுபியாஸை நூலால கட்டு, அதின்ர கிழங்குத் தண்டு மண்ணுக்க போனா அழுகும். முன்னால கிரிப்டோகொரின் வென்டி வை, அது எங்கட இலங்கைச் செடி, உங்க கடையில காசு குடுத்து வாங்குறாங்களாம், கேக்கப் பெருமையா இருந்தது. ஆனா ஒண்டு, இடம் மாத்தி வச்சா அதின்ர இலையெல்லாம் கரைஞ்சு கூழாப் போகும். செத்திட்டுது எண்டு பிடுங்கி எறிஞ்சிடாத மகன். வேர் இருக்கும். ஒரு மாசம் விடு, குருத்து வரும். பிடுங்காத.

மாசம் தவறாமக் காசு அனுப்புறாய், உன்னைப் போல பிள்ளை இந்த ஒழுங்கையில ஒருத்தருக்கும் இல்ல எண்டு எல்லாருக்கும் சொல்லுறனான். இந்த மாசம் அனுப்ப வேண்டாம். எனக்குக் காணும்.

படத்தைப் பெருசாக்கிப் பாக்கேக்க கண்ணாடியில உன்ர முகம் விழுந்திருந்தது. தாடி வளந்து, கழுத்தெலும்பு தெரியுது. சாப்பிடுறியா?

லைட்டை பத்து மணிக்கு நிப்பாட்டு. முதல் ரெண்டு கல்லும் கழுவின உடன படம் எடுத்து அனுப்பு, பகல்ல எடு, நீயும் தெரியிற மாதிரி எடு.

அம்மா
திருகோணமலை