இலைக் கணக்கைத் திருத்தித் தந்தவர்களுக்கு

கோத்தகிரிச் சுற்றுவட்டாரத்தில் எனக்கு இலை கொடுத்த அண்ணன்மார், அக்காமார், பெரியவர்கள் எல்லோருக்கும் ஸ்தோத்திரம். கிறிஸ்தவர் அல்லாத உங்களுக்கு என் வணக்கம்.

உங்கள் இலை எடையில் நான் அநியாயமாகக் கழித்த காசைத் தவணையாகத் திருப்பிக் கொடுத்துவந்தேன். போன மாதம் 44-வது வீட்டில் கடைசித் தவணையைக் கொடுத்தேன். வீடு திரும்பி, ஜெபம் பண்ணிவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

விஷயம் தெரியாதவர்களும் இதைப் படிப்பீர்கள். சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கி ஆலைக்கு ஏற்றிவிடும் ஏஜென்ட் நான். மழை நாளில் இலைமேல் நிற்கும் தண்ணீருக்கு ஆலை காசு தராது. அதற்காக எடையில் கழிப்பார்கள். அது நியாயம்தான். நம் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற மழைக்கு இலை நனையாமல் வராது. ஆனால் நான் பங்குனி வெயிலிலும் சாக்குக்கு 2 கிலோ கழித்தேன். தராசில் குற்றமில்லை. வருடந்தோறும் முத்திரை போட்ட எலக்ட்ரானிக் தராசு அது. அது 31 என்று காட்டும், என் பேனா 29 என்று எழுதும். இப்படி 3 வருடம்.

அதே 3 வருடமும் சபையை நிர்வகிக்கும் சேகர கமிட்டியில் இருந்தேன். விளைச்சலைக் காணிக்கையாகப் படைக்கும் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் முதல் பூசணிக்காயைப் பெரிய விலைக்கு எடுத்ததும் நான்தான். அந்தப் பணத்தில் யார் யாருடைய உழைப்பு கலந்திருந்தது என்று நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது. கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது என்ற நீதிமொழிகள் வசனத்தை ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

முதல் நன்றி எனக்கு இலை கொடுத்த ஒரு பாட்டிக்கு. மலையகத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்ப இந்தியாவும் இலங்கையும் செய்த 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு சிறுமியாக இலங்கையிலிருந்து கப்பலேறி வந்து, அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டத்தில் ஆயுசெல்லாம் கொழுந்து பறித்து, கடைசியில் அரை ஏக்கர் வாங்கியவர். ஒருநாள் என் நோட்டை எட்டிப் பார்த்து, "தம்பி, நாலு நாளா மழையே இல்லையே, என் இலையில ஏது தண்ணி?" என்று கேட்டார். நான் பதில் சொல்லாமல் 2 என்று எழுதினேன். அவர் வாதாடவில்லை, சாக்கை உதறி மடித்துக்கொண்டு போய்விட்டார். அந்த ஞாயிறு திருவிருந்து. ஆராதனையில் சமாதானம் சொல்லும் நேரத்தில் அவர்தான் என் பக்கத்தில். தேயிலைக் கறை ஏறிய இரண்டு கைகளாலும் என் கையைப் பிடித்து, "கர்த்தருடைய சமாதானம், தம்பி" என்றார். முகத்தில் கோபம் இல்லை. அதற்குமேல் என்னால் பீடத்துக்குப் போக முடியவில்லை. எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

அன்று மாலையே ஆயர் ஐயாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சபைக்கு முன்னால் நின்று சாட்சி சொல்லி அறிக்கையிடுகிறேன் என்றேன். "முதல்ல காசைக் கொடுங்க. பேசறதை அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார். கமிட்டியிலிருந்து விலகச் சொன்னார். அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்று இயேசுவிடம் சொன்ன சகேயுவைப் பற்றி நான் ஏதோ ஆரம்பித்தபோது, "நாலத்தனை உங்களால முடியுமா? எடுத்ததையாவது கணக்குப் பார்த்துத் திருப்பிக் கொடுங்க" என்றார். முதல் மூன்று வீடுகளுக்கு என்னோடு வந்து, பனிமூட்டத்தில் வாசலோடு நின்றார். ஐயா, அன்று நீங்கள் என்னைப் பேசவிடாததற்கு நன்றி.

கணக்கு எடுத்தது என் மனைவி. ஆலை ரசீதில் ஒவ்வொரு நாளும் அவர்கள் கழித்த எடை இருக்கும். அதையும் என் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஆலை கழிக்காத நாளில் நான் கழித்ததை எல்லாம் தனியாக எழுதினாள். 46 பேர், 1,28,000 ரூபாய். ஒரு வார்த்தை என்னைக் குத்திப் பேசவில்லை. தையல் கூலியிலிருந்து மாதாமாதம் ஒரு பங்கை எடுத்து வைத்தாள். 14 மாதம் வீட்டில் கறிச்சோறு கிறிஸ்துமசுக்கு மட்டும்தான். பிள்ளைகளும் ஏன் என்று தெரிந்தே பொறுத்துக்கொண்டார்கள்.

படுகர் ஊரான ஹட்டியிலிருக்கும் பெரியவர் ஒருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். "உங்க சாமி சொல்லித்தான் வந்தியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். பணத்தை வாங்கி என் முன்னாலேயே இரண்டு முறை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் காபி போடச் சொன்னார். மற்ற வீடுகளில் பலர் "பரவாயில்லை, விடுப்பா" என்றபோது, நான் தானம் செய்ய வந்தவன்போல எனக்கே ஒரு மயக்கம் வந்தது. அவர் எண்ணிய எண்ணிக்கையில் அது தெளிந்தது. நான் கொண்டுபோனது கடன்.

பணத்தை வாங்கிக்கொண்டு ஒன்றும் பேசாமல் கதவைச் சாத்திய அக்கா, உங்களுக்கும் நன்றி. இப்போது வேறு ஏஜென்டுக்கு இலை போடுகிறீர்கள் என்று தெரியும். திரும்பி வாருங்கள் என்று கேட்க எனக்கு உரிமையில்லை.

இப்போது எடை போடும்போது நோட்டு உங்கள் கையில்தான் இருக்கிறது. மழை நாளில் சாக்கைத் தொங்கவிட்டு, சொட்டு நின்ற பிறகு, கழிவை நீங்களே பார்த்து எழுதுகிறீர்கள். கமிஷனில் குடும்பம் இழுத்துப் பிடித்துத்தான் நடக்கிறது, ஆனாலும் நடக்கிறது.

இன்னும் இரண்டு பேர் கணக்கு பாக்கி. ஒருவர் இலையை விட்டுவிட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார், இரண்டு தடவை போய்த் தேடியும் கிடைக்கவில்லை. இன்னொருவர் காலமாகிவிட்டார். அவர் பெயரில் 3,140 ரூபாய் இருக்கிறது, மகன் எங்கே என்று தெரியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் எடை போடும் இடத்துக்கு வந்து சொல்லுங்கள். காலை 11 முதல் 2 வரை அங்கேதான் இருப்பேன்.