மாத்திரைக்குள்ள என்ன இருக்குன்னு அட்டையிலயே போடுங்க: மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிக்கு ஒரு திறந்த மடல்

இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம் ஐயா. சீலியாக்னா என்ன, பால் ஒத்துக்காதவங்க நாட்டுல எவ்வளவு பேர் இருக்காங்க, இதெல்லாம் உங்களுக்குத் தெரியாதது இல்ல, அதனால நேரா விஷயத்துக்கு வந்துடறேன்.

என் பொண்ணுக்கு சீலியாக் இருக்கு, அதாவது கோதுமை மாதிரி தானியத்துல இருக்கற க்ளூட்டன்ங்கிற புரதம் குடலைக் கெடுக்கற நோய். பாலும் ஒத்துக்காது, தைராய்டும் இருக்கு. மூணும் ஒரே ஆளுக்கு வர்றது அப்படி ஒண்ணும் அபூர்வம் இல்லன்னு எந்த டாக்டரைக் கேட்டாலும் சொல்வாங்க. போன மாசம் வழக்கமா வாங்குற தைராய்டு மாத்திரை மெடிக்கல்ல ஸ்டாக் இல்ல, வேற கம்பெனி பாட்டிலை எடுத்துக் கொடுத்து "அதே 50 மைக்ரோகிராம்தாம்மா, தாராளமா குடுங்க"ன்னாங்க. இதுல கோதுமை ஸ்டார்ச் (மாவுச்சத்து) இருக்கா, லேக்டோஸ், அதான் பால் சர்க்கரை, இருக்கான்னு கேட்டேன். அந்தத் தம்பி பாவம், பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பாத்தார். தைராக்சின் சோடியம் இவ்வளவு, அப்புறம் "எக்ஸிபியண்ட்ஸ் க்யூ.எஸ்.", அவ்வளவுதான் போட்டிருக்கு. மருந்து தவிர மீதி எல்லாம் தேவையான அளவு சேத்திருக்கோம்னு அர்த்தமாம். யாருக்குத் தேவையான அளவு?

50 மைக்ரோகிராம் மருந்து, ஆனா மாத்திரையோட எடை அதை விட ஆயிரம் மடங்குக்கு மேல. அப்போ என் பொண்ணு தினமும் வெறும் வயித்துல முழுங்குறதுல கிட்டத்தட்ட முழுசும் அந்த "மீதி"தான், அது என்னன்னு சொல்ல நாதி இல்ல. பாட்டில்ல இருந்த நம்பருக்குப் போன் பண்ணேன், மெயில் போடச் சொன்னாங்க, போட்டேன், உங்க மருத்துவரை அணுகவும்னு பதில் வந்துச்சு. மருத்துவரைக் கேட்டா கம்பெனிக்குத்தான் தெரியும்ங்கிறார், அவர் சொல்றதும் நியாயம்தான், அவர் கையில இருக்கறதும் இதே பாட்டில்தானே.

இதுல ரொம்பக் கொடுமை எதுன்னா, தைராய்டு மாத்திரைய இஷ்டத்துக்கு நிறுத்த முடியாது. பதில் வர்ற வரைக்கும் கொடுக்கறதா வேண்டாமான்னு ராத்திரி எல்லாம் யோசிச்சு, கடைசியில கொடுத்தேன். ரெண்டாவது வாரம் வயித்து வலியும் போக்கும் ஆரம்பிச்சுது. அது மாத்திரையாலயா, காலேஜ் கேன்டீன் சாம்பார்ல சேத்த கட்டிப் பெருங்காயத்தாலயா (அதுலயும் கோதுமை மாவு கலப்பாங்க, உங்களுக்கே தெரியும்), இல்ல சாதாரண வயித்துக் கோளாறான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா ஒண்ணு மாத்திரைய மாத்தியிருப்பேன், இல்ல சந்தேகத்தை விட்டிருப்பேன். ரெண்டுமே பண்ண முடியாம ஒரு அம்மாவை உக்கார வெச்சிருக்கு அந்த ஒத்தை வரி. தயவுசெஞ்சு அந்த வரிய மாத்துங்க, உள்ள இருக்கறதை முழுசா எழுதச் சொல்லுங்க, நான் கேக்கறது அதுதான்.

பெரும்பாலான மாத்திரைகள்ல க்ளூட்டன் இல்லவே இல்ல, ஸ்டார்ச்னா முக்கால்வாசி மக்காச்சோளம்தான்னு சொல்றாங்க. நம்புறேன். ஆனா ஸ்டார்ச் மக்காச்சோளத்துலயும் எடுக்கலாம், உருளைக்கிழங்குலயும் எடுக்கலாம், நம்ம சேலம் நாமக்கல் பக்கத்து மரவள்ளிக் கிழங்குலயும் எடுக்கலாம், கோதுமையிலயும் எடுக்கலாம். இல்லன்னா இல்லன்னு எழுதறதுல என்ன கஷ்டம்? லேக்டோஸும் அப்படித்தான், ஒரு மாத்திரையில இருக்கற அளவு பெரும்பாலானவங்களை ஒண்ணும் பண்ணாதுன்னு எனக்கும் தெரியும். ஆனா தினமும் நாலஞ்சு மாத்திரை போடுற வயசானவங்களை நினைச்சுப் பாருங்க. ஆஸ்துமாவுக்கு உறிஞ்சற பவுடர் கேப்சூல் நிறைய லேக்டோஸ்லதான் கலந்து வருது, அதுல துளி பால் புரதம் ஒட்டியிருந்தாக்கூட கடுமையான பால் அலர்ஜி இருக்கற குழந்தைக்கு மூச்சே அடைச்சுப் போகலாம். வயித்து உபாதைன்னு ஒதுக்கித் தள்ளுற விஷயம் இல்லைங்க இது.

அஞ்சு ரூபா பிஸ்கட் பாக்கெட்ல கோதுமை இருக்கு, பால் இருக்குன்னு போட்டே ஆகணும், உணவுப் பாதுகாப்பு ஆணையம் சட்டம் வெச்சிருக்கு. கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல க்ளூட்டன் இருந்தா க்ளூட்டன் ஃப்ரீன்னு எழுதக் கூடாதுன்னு கணக்கு வரைக்கும் இருக்கு. பசிக்கு சாப்பிடற பொருளுக்கு இவ்வளவு, உயிருக்குச் சாப்பிடற பொருளுக்கு ஒரு வரி. நம்ம ஊர் கம்பெனிங்க ஐரோப்பாவுக்கு அனுப்புற மருந்துல மட்டும் லேக்டோஸ், கோதுமை ஸ்டார்ச் எல்லாம் மருந்தோட வர்ற துண்டுச் சீட்டுல தெளிவா இருக்கு, ஏன்னா அங்க கேக்கறாங்க. இங்க இருக்கறவங்க குடல் மட்டும் என்ன மட்டமா? ஃபார்முலா கம்பெனி கையில இருக்கு, எழுத மை மட்டும்தான் செலவு.

2023 ஆகஸ்ட் 1ல இருந்து 300 பிராண்டுக்கு க்யூஆர் கோடு கொண்டு வந்தீங்க, நல்ல வேலை, மனசாரச் சொல்றேன். ஆனா அன்னைக்கு அதுக்குள்ள கேட்டது மருந்து பேரு, கம்பெனி விலாசம், பேட்ச் நம்பர், தேதி, லைசென்ஸ் நம்பர் இதெல்லாம்தான், சேர்மானம் இல்ல. அதோட நம்ம மெடிக்கல்ல பத்து மாத்திரை அட்டைய வெட்டி நாலு கொடுக்கறாங்க, துண்டுச் சீட்டு கடை டப்பாவுலயே தங்கிடுது, வெட்டின துண்டுல பல சமயம் மருந்து பேரே பாதிதான் இருக்கு.

கேக்கறது இதுதான் ஐயா. உள்ள சேக்கற எல்லாத்தையும் எழுதச் சொல்லுங்க. உடனே எல்லாம் முடியாதுன்னா முதல்ல கோதுமை ஸ்டார்ச் உண்டா, லேக்டோஸ் உண்டா, இந்த ரெண்டை மட்டுமாவது ஒவ்வொரு பாட்டில்லயும், வெட்டினாலும் தெரியற மாதிரி ஸ்ட்ரிப் முழுக்கவும் அச்சடிக்கச் சொல்லுங்க. பழைய அட்டை தீர கம்பெனிகளுக்கு அவகாசம் வேணும்னா கொடுங்க, ஆனா ஒரு தேதி வெச்சுக் கொடுங்க. அது வரைக்கும் நோயாளி போன் பண்ணிக் கேட்டா இருக்கு, இல்லன்னு எழுத்துல பதில் கொடுத்தே ஆகணும்னு ஒரு சுற்றறிக்கை அனுப்புங்க. அந்தப் பாட்டில் இன்னும் பாதி மிச்சம் இருக்கு, கம்பெனியோட சரியான பதிலுக்கு நான் இன்னும் காத்திட்டுத்தான் இருக்கேன்.

இப்படிக்கு,
ஒரு சீலியாக் பொண்ணோட அம்மா,
கோயம்புத்தூர்