உடம்புக்கு முடியவில்லை என்று எழுது, போதும்

மன்னார்குடி,
செவ்வாய் இரவு.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இதைத் தாளில் எழுதி, அப்பாவை விட்டுப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்பச் சொல்லப்போகிறேன். போனிலேயே பேசிவிடலாம்தான். ஆனால் நேற்றுப் பேசும்போது நடுவில் இரண்டு முறை "ஒரு நிமிஷம் அம்மா" என்று என்னை நிறுத்திவிட்டு, அந்தப் பக்கம் யாரிடமோ ஆங்கிலத்தில், "நான் நன்றாகத்தான் இருக்கிறேன், சொல்லுங்கள்" என்றாய். அது எனக்கும் கேட்டது. அப்போது உனக்கு 102 டிகிரி காய்ச்சல் என்று நீதான் அதற்கு ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் சொல்லியிருந்தாய். கடிதத்தை அப்படி நடுவில் நிறுத்த முடியாது அல்லவா, அதனால்தான் எழுதுகிறேன்.

லீவு போடவில்லையா என்று கேட்டதற்கு, "வீட்டிலிருந்துதானே அம்மா வேலை பார்க்கிறேன், இதற்கு எதற்கு லீவு" என்றாய். இரவு முழுக்க அந்த வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை. எங்கள் காலத்தில் காய்ச்சல் வந்தால் குறைந்தபட்சம் பஸ் ஏற முடியாது என்று ஒரு காரணமாவது இருந்தது. உன் அலுவலகம் உன் கட்டில் வரைக்கும் வந்துவிட்டது. தலையணைக்குப் பக்கத்தில் லேப்டாப், அதற்குப் பக்கத்தில் மாத்திரை அட்டை. எங்கே லீவு ஆரம்பிக்கிறது, எங்கே வேலை முடிகிறது என்று உனக்கே தெரியவில்லை.

லீவைப் பற்றி எனக்குத் தெரியாதது கொஞ்சம்தான். முப்பத்து நான்கு வருஷ சர்வீஸில் பாதிக்கு மேல் விடுப்பு மேஜைதான் எனக்கு. வட்டாரத்து ஆசிரியர்களின் விண்ணப்பங்கள் எல்லாம் என் கைக்கு வந்து, பதிவேட்டில் ஏறி, பிறகுதான் அதிகாரியின் மேஜைக்குப் போகும். எத்தனை ஆயிரம் காய்ச்சல், எத்தனை ஆயிரம் வயிற்றுப்போக்கு படித்திருப்பேன் என்று கணக்கே கிடையாது. நம் ஊர் ராஜகோபாலசுவாமி கோயில் பங்குனித் திருவிழா பதினெட்டு நாள். அதிலும் வெண்ணெய்த்தாழி உற்சவத்தை ஒட்டிய நாட்களில் வட்டாரத்துக்கே உடம்பு சரியிருக்காது. அறுவடை நேரத்தில் இடுப்புவலி அதிகம். முகூர்த்த மாதங்களில் வைரஸ் காய்ச்சல். நோய்க்கும் பருவம் உண்டு என்று எங்கள் சூப்பிரண்டெண்ட் சிரிப்பார்.

அந்த மேஜையில் உட்கார்ந்து நான் கண்டுகொண்ட விஷயம் ஒன்று. உடம்பு நன்றாக இருப்பவர்களின் விண்ணப்பம் நீளமாக இருக்கும். இரவு இரண்டு மணிக்கு வாந்தி ஆரம்பித்தது முதல் எந்த ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள் என்பது வரை எல்லாம் இருக்கும். நிஜமாகவே முடியாதவர்கள் இரண்டு வரிதான் எழுதுவார்கள். கையெழுத்துகூடக் கோணலாக இருக்கும். சிலருக்குப் பிள்ளைகள் எழுதியிருப்பார்கள். அப்படிப்பட்ட காகிதம் வந்தால் நான் கேள்வி கேட்காமல் மேலே அனுப்பிவிடுவேன்.

லீவு கேட்பதை நமக்குக் கெஞ்சலாகவே பழக்கிவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் முதலில் எழுதப் பழகிய கடிதமே அதுதானே. 'எனக்குக் கடுமையான காய்ச்சல் காரணமாக இன்று ஒரு நாள் மட்டும் விடுப்பு அளிக்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.' மூன்றாம் வகுப்பில் உனக்கு அதை மனப்பாடம் செய்ய வைத்ததே நான்தான். காய்ச்சல் வெறும் காய்ச்சலாக இருந்தால் போதாது, 'கடுமையான' காய்ச்சலாக இருக்க வேண்டும். ஒரு நாள் என்றால் போதாது, 'மட்டும்' சேர்க்க வேண்டும். இருபத்தொன்பது வயதில், இவ்வளவு சம்பளம் வாங்கிக்கொண்டு, நீ இன்னும் அந்த 'மட்டும்' போட்டுக்கொண்டுதான் இருக்கிறாய். அரை நாள் மட்டும். சாயங்காலம் மட்டும். இப்போது அதுவும் வேண்டாம் என்கிறாய்.

இனி நான் சொல்லப்போவதை அப்பா படிக்கும்போது சிரிப்பார், சிரிக்கட்டும்.

உன் சின்ன அத்தை கல்யாணம் டிசம்பரில் வந்தது. வருஷத்துக்கு 12 நாள் தற்செயல் விடுப்பு. எனக்கு அது கார்த்திகையிலேயே தீர்ந்துபோயிருந்தது. வேலை பார்க்கப் பார்க்கக் கணக்கில் சேர்கிற ஈட்டிய விடுப்பில் கை வைக்க மனசில்லை. அது பணம். சேர்த்து வைத்தால் ஓய்வு பெறும்போது 240 நாள் வரைக்கும் சம்பளமாக வரும். அதனால் ஒரு டாக்டரிடம் டைபாய்டு என்று சான்றிதழ் வாங்கி, ஏழு நாள் மெடிக்கல் லீவு போட்டேன். கல்யாணம் முடிந்து, தகுதிச் சான்றோடு வேலைக்குத் திரும்பி, வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போதுதான் பார்த்தேன், இரண்டு கையிலும் மருதாணி கோவைப்பழமாகச் சிவந்திருந்தது. அதிகாரியும் பார்த்தார். "உடம்பு தேவலையா?" என்று மட்டும் கேட்டார். "தேவலை சார்" என்றேன். பல நாள் அவர் முகத்தைப் பார்க்கவே கூசியது.

பொய்க்காய்ச்சலுக்கு எழுதும்போது கூசாத அதே கை, உண்மையான காய்ச்சல் வந்தபோது எழுதக் கூசியது. அந்தக் கதையை உனக்கு இதுவரை சொல்லவில்லை. நீ அப்போது காலேஜில் கடைசி வருஷம், பரீட்சை நேரம். "அம்மாவுக்குச் சின்னக் காய்ச்சல், சரியாகிவிட்டது" என்று போனில் சொன்னது நினைவிருக்கிறதா? 2017, தமிழ்நாடு முழுக்க டெங்கு பரவிய வருஷம். எனக்கும் வந்தது. நான்கு நாள் அனலாகக் கொதித்தது, ஐந்தாம் நாள் காலையில் உடம்பு குளிர்ந்துவிட்டது. அப்பாடா என்று எழுந்து குளித்துவிட்டு ஆபீஸுக்குப் போய்விட்டேன். தணிக்கைக்கு ஆள் வந்திருந்தார்கள், என் சீட்டை யார் பார்ப்பார்கள் என்ற நினைப்பு. மாடிப்படி ஏறும்போது கண் இருட்டியது. எழுந்தபோது ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தேன், கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. ரத்தத்தில் தட்டணுக்கள் 38,000-க்கு இறங்கியிருந்தன. அப்பா சுவரோரம் நின்று அழுததை நான் பார்க்காத மாதிரி படுத்துக்கொண்டேன்.

டெங்குவில் காய்ச்சல் இறங்குவது குணமாகும் அடையாளம் இல்லை. பெரும்பாலும் மூன்றிலிருந்து ஏழாம் நாளுக்குள், காய்ச்சல் தணிகிற நேரத்தில்தான் ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து ரத்த அழுத்தம் இறங்கும் ஆபத்து என்று அந்த இளம் டாக்டர் என் கட்டிலில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார். எனக்கு அது அன்றைக்குத்தான் தெரியும். உனக்கு இன்றைக்கே தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கதை.

ஆறு நாள் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, இன்னும் பத்து நாள் வீட்டிலிருந்து, பிறகு ஆபீஸுக்குப் போனேன். என் சீட் அப்படியே இருந்தது. தணிக்கை முடிந்து அவர்கள் போய்விட்டிருந்தார்கள். மேஜையில் ஒரு சாண் உயரத்துக்குக் கோப்பு ஏறியிருந்தது, அவ்வளவுதான். உள்ளுக்குள் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

எங்கள் விதிப்படி 20 வருஷத்துக்கு மேல் சர்வீஸ் போட்டவர்களுக்கு மருத்துவச் சான்றின் பேரில் 'ஈட்டா விடுப்பு' என்று தனியாக மொத்தம் 540 நாள் உண்டு. நான் எடுத்தது 31. ஓய்வு பெற்ற அன்று பணிப்பதிவேட்டில் அந்த மீதிக் கணக்கைப் பார்த்து, பெரிய சாதனை செய்த மாதிரி பெருமைப்பட்டேன். அதற்கு ஒரு பைசா கிடையாது. ஈட்டிய விடுப்புக்குப் பணம் கொடுப்பார்கள், இதற்குக் கிடையாது, அப்படியே கழிந்துபோகும். அது காசாக்குவதற்காகக் கொடுத்தது இல்லை, படுத்துக்கொள்வதற்காகக் கொடுத்தது என்று எனக்கு உறைக்க முப்பத்து நான்கு வருஷம் ஆனது.

"அது கவர்ன்மென்ட் அம்மா, எங்களுக்கு அதெல்லாம் கிடையாது" என்று சொல்வாய். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-இல் வந்தது. அதன் 25-ஆம் பிரிவை எடுத்துப் படித்துப் பார். உடம்புக்கு முடியாமல் போனாலோ அடிபட்டாலோ வருஷத்துக்கு 12 நாள் வரை சம்பளத்தோடு விடுப்பு. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷத்திலேயே உண்டு. உன் கம்பெனி 'சிக் லீவ்' என்று உன் கணக்கில் காட்டுகிறதே, அது யாரோ மனமிரங்கிக் கொடுத்தது இல்லை. உன் மேனேஜர் நல்லவர் என்கிறாய், இருக்கட்டும். ஆனால் கேட்டுப் பார்க்காமலே அவர் முகம் சுளிப்பார் என்று நீயே முடிவு செய்துகொண்டாயே, அது அவருக்கும் நியாயம் இல்லை.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிற நம் பெரியத்தை மகனை நினைத்துக்கொள். சம்பளம் 21,000-க்குள் என்பதால் அவனுக்கு இ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர் காப்பீடு உண்டு. போன வருஷம் மஞ்சள் காமாலையில் படுத்தபோது டிஸ்பென்சரியில் சான்று வாங்கிக் கொடுத்து, சம்பளத்தில் 70 சதவீதம் கிடைத்தது. வருஷத்தில் 91 நாள் வரைக்கும் அப்படி வாங்கலாமாம். இரண்டு பிள்ளைகளையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிக்கொண்டு அவன் ஒன்றரை மாதம் பத்தியம் இருந்தான். அவனுக்குத் தைரியம் இருந்தது. அவன் பக்கத்து மிஷினில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறவருக்கு அதுவும் இல்லை, படுத்தால் அன்றைய கூலி போச்சு. உன் அம்மாயி அப்படித்தான் இருந்தாள். காய்ச்சலோடு சேற்றில் இறங்கி நாற்று நட்டுவிட்டு வந்து, திண்ணையில் குப்புறப் படுத்துக்கொள்வாள். முதுகில் ஏறி மிதிக்கச் சொல்வாள். ஆறு வயதில் அதை விளையாட்டு என்று நினைத்தேன். லீவு என்ற சொல்லே அவளிடம் கிடையாது. அவளுக்கு இல்லாதது எனக்குக் கிடைத்தது, நான் அதைச் சேர்த்து வைத்து வீணாக்கினேன். உனக்கும் கிடைத்திருக்கிறது.

அப்பாவுக்கும் லீவு கிடையாதுதான். கடையை ஒரு நாள் பூட்டினால் வாடிக்கை எதிர்க்கடைக்குப் போய்விடும் என்பார். ஆனாலும் அவருக்குக் காய்ச்சல் வந்தால் ஷட்டரை இறக்கிவிட்டு, 'உடல்நலக் குறைவு, நாளை கடை உண்டு' என்று அட்டையில் எழுதி மாட்டிவிடுவார். அந்த அட்டையைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறார், மறுமுறைக்கு ஆகும் என்று.

நீயும் அப்படி ஒரு அட்டை மாட்டு. நாளைக் காலையில் எழுந்ததும் முதலில் இதை அனுப்பு: 'உடம்புக்கு முடியவில்லை. புதன் முதல் வெள்ளி வரை விடுப்பில் இருக்கிறேன். என் வேலையை இன்னார் பார்த்துக்கொள்வார்.' ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வாயோ அப்படிச் சொல். மன்னிப்பு என்ற சொல் அதில் வரக்கூடாது. 'அவசரம் என்றால் கூப்பிடுங்கள்' என்ற வரியும் வேண்டாம். அதை எழுதினால் எல்லாமே அவசரமாகிவிடும். காய்ச்சல் எத்தனை டிகிரி, எத்தனை முறை வாந்தி என்பதெல்லாம் டாக்டருக்கு, அவர்களுக்கு இல்லை. சான்றிதழ் கேட்டால் கொடு. பிறகு லேப்டாப்பை மூடி அலமாரியில் வை. கட்டிலில் வைக்காதே, கை தானாகப் போகும்.

சனிக்கிழமை ஆரம்பித்த காய்ச்சல், இன்றைக்கு நான்காம் நாள். ரத்தப் பரிசோதனை எடுக்காமல் இருந்தால் நாளைக்கே எடு. பாரசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை எதையும் நீயாகப் போடாதே, ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் இரண்டும் கூடவே கூடாது. கஞ்சி, இளநீர், மோர் என்று ஏதாவது ஒன்று வயிற்றுக்குள் போய்க்கொண்டே இருக்கட்டும். கடுமையான வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், எழுந்தால் தலைசுற்றல், இதில் எது வந்தாலும் எனக்குப் போன் செய்வது அப்புறம், முதலில் ஆஸ்பத்திரி. காய்ச்சல் விட்டுவிட்டது, லாகின் செய்துவிட்டேன் என்று மட்டும் சொல்லாதே.

காய்ச்சலில் இவ்வளவு நீளம் படிக்க முடியாது என்கிறார் அப்பா. இரண்டு மணி நேரம் மீட்டிங் கேட்க முடிகிறவளுக்கு இது முடியும்.

நாளை இரவு சென்னைக்கு மன்னை எக்ஸ்பிரஸில் ஏறுகிறேன். டிக்கெட் எடுத்தாயிற்று, வேண்டாம் என்று சொல்லிப் பயனில்லை. நார்த்தங்காய் ஊறுகாயும், வறுத்து அரைத்த பருப்புப் பொடியும் எடுத்து வருகிறேன். மிளகும் சீரகமும் உன் வீட்டில் இருக்கும் என்று நம்ப முடியாததால் அதுவும் பையில் இருக்கிறது. சாவியை எதிர்வீட்டு அக்காவிடம் கொடுத்து வை. வியாழக்கிழமை காலையில் நானே திறந்துகொண்டு வருவேன், மணி அடித்து உன்னை எழுப்ப மாட்டேன்.

அன்புடன்,
அம்மா