ஞாயிறு ஷூட்டிங்: கேமரா பக்கமிருந்து

எல்லோருக்கும் வணக்கம். ஞாயிறு காலை 4.30-க்கு டீக்கடை வாசலில் கூடுகிறோம். 5.30-க்குப் போனால் போதும் என்று யாரும் நினைக்க வேண்டாம். சூரியன் எழும் முன் கிடைக்கிற நீல வெளிச்சம் கொஞ்ச நேரம்தான். அதற்குள் கடை ஷட்டரைத் தூக்கும் ஷாட்டை முடித்தாக வேண்டும்.

போன வாரம் எடுத்த உள்காட்சியை லேப்டாப்பில் போட்டுப் பார்த்தேன். சுவர் முழுக்கக் கறுப்புப் பட்டைகள் ஓடுகின்றன. தப்பு என்னுடையதுதான், கேமராவின் ஷட்டர் வேகத்தை 1/60 விநாடியில் விட்டுவிட்டேன். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கடையில் இருக்கும் பழைய டியூப்லைட் விநாடிக்கு 100 முறை மினுக்கும். விநாடிக்கு 25 ஃபிரேம் எடுக்கும்போது ஷட்டர் வேகத்தை 1/50 வைத்திருந்தால், ஒவ்வொரு ஃபிரேமிலும் சரியாக இரண்டு மினுக்கல் அடங்கி, இந்தத் தொல்லையே வந்திருக்காது. அந்த இரண்டு ஷாட்டையும் மறுபடி எடுக்கணும், மன்னிக்கவும்.

பால் ஆவி பறக்கும் குளோசப்புக்கு விளக்கு பாய்லருக்குப் பின்னால் வர வேண்டும். முன்னாலிருந்து அடித்தால் ஆவி கண்ணுக்கே தெரியாது. முகத்துக்கு வெளிச்சத்தைத் திருப்பிவிட ஒரு தெர்மாகோல் அட்டை போதும், அதைப் பிடிக்க ஓர் ஆள் தேவை. மாஸ்டராக நடிப்பவர் வெள்ளைச் சட்டை போட வேண்டாம், படத்தில் வெளுத்துப்போகும்.

அப்புறம், மெமரி கார்டை யாரும் தொடாதீர்கள். இரண்டு ஹார்டு டிஸ்க்கில் காப்பி எடுத்து, ஓட்டிப் பார்த்த பிறகுதான் நானே அழிப்பேன்.

தெர்மாகோல் பிடிக்க யார் வருகிறீர்கள்? இன்று இரவுக்குள் இங்கேயே சொல்லுங்கள்.