பூ பாக்க வாறவங்களுக்கு ஒரு கழிப்பறை வையுங்க: அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

எந்த ஆபீஸ்னு பேரு போடல. போன வருசம் ஒரு ஆபீஸ்ல மனு குடுத்தோம், இது எங்க வேலை இல்ல அந்த ஆபீஸ்னு சொன்னாங்க, அங்க போனா மறுபடி முத ஆபீஸயே கைய காட்டுனாங்க. அதனால இத படிக்கும்போது யாருக்கு சுருக்குன்னு இருக்கோ அவங்களுக்குத்தான் இந்த மடல்.

ஆடி மாசம் தென்காசிக்கு கிழக்க என்ன நடக்குன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. சுந்தரபாண்டியபுரம், சாம்பவர்வடகரை பக்கமெல்லாம் சூரியகாந்தி பூத்து நிக்கும், குத்தாலத்துல சீசன், புளியரை வழியா கேரளா வண்டி வரிசையா இறங்கும். வாறவங்க மேல எனக்கு ஒரு கோவமும் கிடையாது. பூ அழகா இருக்கு, பாக்க வாறாங்க, சந்தோசம்தான். எங்க ஊரையும் நாலு பேரு தேடி வாறாங்களேன்னு பெருமையாக்கூட இருக்கும். ஆனா ஒண்ணு கேக்கேன், வாறவங்க ஒண்ணுக்கு எங்க போவாங்கன்னு உங்கள்ல ஒருத்தராவது யோசிச்சீங்களா?

எங்க வீடு தோட்டத்துக்கு நேரெதிர்ல, ரோட்ட ஒட்டி. போன ஆடில ஒரு ஞாயித்துக்கிழமை காலைல ஏழு மணி இருக்கும், வாசல்ல கோலம் போட்டுட்டு நிமிருதேன், ஒரு வயசான அம்மா கேட்ட புடிச்சிட்டு நிக்காங்க. வெள்ளை முண்டு, கால் ரெண்டும் வீங்கியிருக்கு, முகத்துல வேர்வை. "மோளே, பாத்ரூம் உண்டோ?"ன்னு கேட்டாங்க. அவங்க மக பின்னாடி நின்னு ஏதோ தப்பு பண்ணிட்ட மாதிரி தலைய குனிஞ்சிட்டு இருந்தாங்க. ராத்திரி மூணு மணிக்கு வேன் ஏறுனவங்களாம், வழியில எங்கயும் நிறுத்தலையாம். நான் கூட்டிட்டு போறதுக்குள்ள, படி ஏறும்போதே அந்த அம்மாவால அடக்க முடியல. என் கைய புடிச்சிட்டு அழுதாங்க. எங்க ஆச்சி வயசு அவங்களுக்கு. நான் தண்ணி புடிச்சு ஊத்தி, என் சேலை ஒண்ண எடுத்து கட்டிவிட்டு அனுப்பினேன். அப்புறம் அவங்க பூவையே பாக்கல, வேன்லயே உக்காந்துட்டாங்க.

அன்னைக்கு மட்டும் எங்க வீட்டுக்கு கழிப்பறை கேட்டு வந்தவங்க இருபத்தி மூணு பேரு, எங்க அம்மா எண்ணிட்டாங்க. எல்லாம் பொம்பளைங்களும் பிள்ளைங்களும். எங்களுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் குழாயில தண்ணி, தொட்டி பத்து மணிக்கே காலி. முடியாதுன்னு எப்படி சொல்ல? தூய்மை பாரதத்துல 12,000 ரூபா மானியம் வாங்கி கட்டுன கழிப்பறை அது, இப்ப அதுதான் இந்த வட்டாரத்துக்கே சுற்றுலா வசதி, வேணும்னா திறந்து வச்சதா ஒரு போட்டோ எடுத்து போட்டுக்கோங்க, ரிப்பன் நாங்களே வாங்கி வைக்கோம்.

ஆம்பளைங்க வீட்டுக்கு வந்து கேக்க மாட்டாங்க, தோட்டத்துக்குள்ள இறங்கிருவாங்க. ஆள் உயரத்துக்கு செடி நிக்குதுல்ல, மறைவுக்கு என்ன குறை. அவங்க போன பிறகு அதுக்குள்ள இறங்கி வேலை பாக்கது யாரு? தேனீ பத்தாதுன்னு, காலைல கையில மெல்லிசு துணிய சுத்திக்கிட்டு ஒவ்வொரு பூவா லேசா தடவி விடுவோம், ஒரு நாள் விட்டு ஒரு நாள். அப்பதான் மகரந்தம் ஒட்டும், இல்லன்னா விதை நிறைய பதராப் போயிரும். எங்க அம்மா கழுத்த நிமித்தி பூவ பாத்து தடவிட்டு போகும்போது கீழ எத மிதிக்காங்கன்னு நான் விளக்கணுமா?

கூட்டம் காலைல வாறதுக்கும் காரணம் இருக்கு. இளஞ்செடிதான் சூரியன் கூட திரும்பும், விரிஞ்ச பூ திரும்பாது, கிழக்க பாத்தே நின்னுரும். சாயங்காலம் வந்தா வெயில் பூவோட முதுகுலதான் விழும், போட்டோ நல்லா வராது. அதனால எல்லாரும் விடியக்காலம் கிளம்பி காலைலயே வந்து இறங்குதாங்க, நாங்க பூ தடவுத அதே நேரம், தேனீ வாற அதே நேரம், வயித்த கலக்குத அதே நேரம். இதெல்லாம் வருசா வருசம் நடக்கதுதானே, திடீர்னு வந்த வெள்ளமா?

அதனால கேக்கேன், பூ இருக்க அந்த இருபது நாளைக்கு மட்டும் ரெண்டு நடமாடும் கழிப்பறை வண்டி வையுங்க. கட்டடம் கேக்கல, பூங்கா கேக்கல. திருவிழாவுக்கு வைக்கீங்க, மந்திரி வந்தா மைதானத்துல வரிசையா வைக்கீங்க, அதுல ரெண்டு.

"சூரியகாந்தி சுற்றுலா"ன்னு பேச மட்டும் எல்லாருக்கும் வாய் இனிக்குது. ரஷ்யாவுல இருந்தும் உக்ரைன்ல இருந்தும் கப்பல்ல எண்ணெய் வருது, உக்ரைன்ல சண்டைன்னதும் 2022ல இங்க எண்ணெய் விலை எகிறுனது மறந்துருக்காது. அந்த எண்ணெய்க்கு உள்ளூர்ல விதை போடுதவன் தோட்டம் செல்பி எடுக்கவும் ஒதுங்கவும் மட்டும்தானா? 2025-26க்கு சூரியகாந்தி விதைக்கு அரசாங்க ஆதார விலை குவிண்டாலுக்கு 7,721 ரூபான்னு சொன்னாங்க, மிதிபட்டு சாஞ்ச செடிய அதுல எந்த கணக்குல சேத்துப்பீங்க? பாட்டில் உடைச்சு போட்டுட்டு போறது வேற... சரி, அத இழுத்தா இன்னும் நாலு பக்கம் போகும். கோவத்துல வார்த்தை தடிச்சிருந்தா மன்னிச்சிருங்க. நான் கேக்க வந்தது கழிப்பறை ஒண்ணுதான்.

இடம் இல்லன்னு சொல்லிராதீங்க. குளத்தங்கரை பக்கம் புறம்போக்கு சும்மாதான் கிடக்கு, வேன் திரும்பவும் வசதி. தண்ணிக்கு எங்க சித்தப்பா கிணத்து மோட்டார்ல இருந்து ஓஸ் போட்டு தாறேன்னு சொல்லிட்டாங்க. கழுவ ஆள் வேணும்னா ஊர்லயே ரெண்டு அக்கா தயாரா இருக்காங்க, அவங்களுக்கு கூலி மட்டும் ஒழுங்கா குடுங்க. வாறவங்ககிட்ட அஞ்சு ரூபா வாங்குனாக்கூட யாரும் முகம் சுளிக்க மாட்டாங்க.

இந்த தடவை விதைப்பு முடிஞ்சாச்சு, செடி முழங்கால் உயரத்துக்கு வந்துட்டு. இன்னும் ஒரு மாசத்துல பூத்துரும். தயவு செஞ்சு அதுக்குள்ள அந்த ரெண்டு வண்டிய அனுப்பி வையுங்க. அந்த அம்மா மறுபடி வந்தா இந்த தடவையாவது இறங்கி பூவ பாத்துட்டு போகட்டும்.

இப்படிக்கு,
தோட்டத்துக்கு எதிர்த்த வீட்டுக்காரி