மின்கழிவுப் பாடம் பள்ளி ஸ்டோர் ரூமிலிருந்து தொடங்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மின்னணுக் கழிவு பற்றிய விழிப்புணர்வுப் பேரணிகளின் படங்கள் தங்கள் நாளிதழின் வேலூர்ப் பக்கத்தில் அவ்வப்போது வெளிவருகின்றன. வெயிலில் பதாகை ஏந்தி நிற்கும் பிள்ளைகளைப் பார்க்க மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால், முப்பத்தோரு ஆண்டுகள் இம்மாவட்டத்து மேல்நிலைப் பள்ளிகளில் வேதியியல் நடத்தியவன் என்ற முறையில், பேரணி முடிந்து அந்தப் பதாகைகளைக் கொண்டுபோய் வைக்கும் ஸ்டோர் ரூமில் வேறு என்னென்ன கிடக்கின்றன என்பதும் எனக்குத் தெரியும். அதைப் பற்றிச் சொல்லவே இந்தக் கடிதம்.

ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, நான் பணியாற்றிய ஒரு பள்ளியில் தேசிய பசுமைப் படை மாணவர்களைக் கொண்டு, வீடுகளில் சும்மா கிடக்கும் பழைய மின்பொருள்களைத் திரட்டினோம். ஒரே வாரத்தில் மூன்று அட்டைப் பெட்டிகள் நிறைந்தன. அறுந்த சார்ஜர்கள், வயிறு உப்பிய செல்பேசி பேட்டரிகள், ரிமோட்டிலிருந்து கழற்றிய செல்கள், எரியாத சி.எஃப்.எல். பல்புகள், ஒரு மாணவனின் தாத்தா வைத்திருந்த தோலுறை போட்ட டிரான்சிஸ்டர் என எல்லாம் வந்து சேர்ந்தன. அதிகம் கொண்டு வந்த வகுப்புக்குக் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பரிசும் கொடுத்தோம். பிறகு அவற்றை எங்கே அனுப்புவது என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை, கேட்டுத் தெரிந்துகொள்ளவும் நான் முனையவில்லை. மாடிப்படிக்கு அடியில் இரண்டு ஆண்டுகள் இருந்த அந்தப் பெட்டிகள், ஆண்டாய்வுக்காகப் பள்ளியை ஒழுங்குபடுத்தியபோது பழைய விடைத்தாள்களோடும் உடைந்த பெஞ்சு இரும்போடும் சேர்ந்து எடைக்குப் போய்விட்டன. டிரான்சிஸ்டரைக் கொடுத்த மாணவன், காயலான் கடைக்குப் பின்னால் கருகிக் கிடந்த மண்ணில் அதன் தோலுறையைப் பார்த்ததாக வந்து சொன்னான். அவன் குரலில் கோபம் இல்லை. இப்படித்தான் நடக்கும் என்று முன்பே தெரிந்திருந்தவன் போலச் சொன்னான். அதுதான் என்னை உறுத்தியது.

வெளியே அனுப்பும் வழியை முதலில் ஏற்பாடு செய்யாமல் பிள்ளைகளிடம் எதையும் கொண்டு வரச் சொல்லக் கூடாது என்பது அன்றிலிருந்து என் உறுதியான கருத்து. வீட்டுக்கு வீடு பரண் மேல் கொஞ்சம் கொஞ்சமாகக் கிடந்த நஞ்சை ஓரிடத்தில் குவித்து, மொத்தமாக நெருப்புக்கு அனுப்பிய வேலையைத்தான் நாங்கள் செய்தோம். பரணிலேயே விட்டிருந்தால் கேடு குறைவாக இருந்திருக்கும். பள்ளி தன் கையிலுள்ள கழிவைப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் முறையாக ஒப்படைத்து, அவர் கொடுத்த ரசீதை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டு, அதன் பிறகு மாணவரிடம் பேசட்டும்.

கழிவுக்குப் பள்ளியில் பஞ்சமில்லை. கணினி ஆய்வகத்தின் செத்துப்போன யு.பி.எஸ். பேட்டரிகள், பெரிய படக்குழாய் வைத்த பழைய மானிட்டர்கள், டோனர் டப்பாக்கள், மூலையில் சாய்த்து வைத்த ஃபியூஸ் போன டியூப் லைட்டுகள் ஆகியவை இருப்புப் பதிவேட்டிலிருந்து நீக்க அனுமதி வராததால் ஆண்டுக்கணக்கில் தூசி படிந்து கிடக்கும். 2022-ஆம் ஆண்டின் மின்கழிவு மேலாண்மை விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. ஒரு நிதியாண்டில் பட்டியலிலுள்ள கருவிகள் ஆயிரத்துக்குக் குறையாமல் பயன்படுத்தும் நிறுவனம் பெருநுகர்வோர் என்றும், அது தன் மின்கழிவைப் பதிவு பெற்றவர்களிடமே ஒப்படைக்க வேண்டும் என்றும் அவை கூறுகின்றன. தனியொரு பள்ளி இந்தக் கணக்கில் வராமல் போகலாம். மாவட்டத்து அரசுப் பள்ளிகளின் கணினிகளையெல்லாம் சேர்த்து எண்ணினால் ஆயிரம் என்பது ஒரு எண்ணிக்கையே அல்ல. ஆகவே தலைமையாசிரியர்களைத் தனித்தனியே அலையவிடாமல், கல்வித் துறையே மொத்தமாக ஏற்பாடு செய்வதுதான் முறை.

பாடம் நடத்துவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்பில் உலோகங்கள் பாடம் எடுக்கும்போது, ஒரு துண்டு மின்கம்பியைக் காட்டி இதிலிருந்து செம்பை எப்படிப் பிரிப்பீர்கள் என்று கேட்டேன். பள்ளி விட்டதும் மாமாவின் பழைய இரும்புக் கடையில் கைவேலை செய்யும் மாணவன் எழுந்து, "எரிச்சா சீக்கிரம் வந்துடும் சார். பிளேடுல சீவுனா நேரமாவும், ஆனா காப்பர் பளபளன்னு இருக்கும், வெலை கூட கெடைக்கும்" என்றான். முப்பது ஆண்டு அனுபவமுள்ள எனக்கு எரித்த காப்பருக்கு விலை குறைவு என்பது அதுவரை தெரியாது. அவனுக்குத் தெரியாத பாதியை நான் சொன்னேன்: கம்பியின் மேலுறையான பி.வி.சி.யில் குளோரின் இருக்கிறது. எரிக்கும்போது ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளியேறுகிறது. உள்ளே இருக்கும் செம்பே வினையூக்கியாக நின்று டயாக்சின் என்ற கொடிய நஞ்சு உருவாக உதவுகிறது. அன்று அவன் மாமாவின் கடை மாறிவிட்டது என்று நான் சொல்லப் போவதில்லை. ஆனால், சீவினால் கூடுதல் விலை, எரித்தால் விலையும் குறைவு, மூச்சுக்கும் கேடு என்ற கணக்கு அந்த வகுப்பில் எல்லோருக்கும் புரிந்தது.

காயலான் கடைக்காரர்களைக் குற்றவாளிகளாகக் காட்டும் பாடம் எனக்கு உடன்பாடில்லை. "பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்" என்று கூவிக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றிய காலத்திலிருந்து, இன்று குட்டியானை வண்டியில் ஒலிபெருக்கி கட்டி வரும் காலம் வரை, வீட்டு வாசலுக்கு வந்து எடுத்துச் செல்பவர்கள் அவர்கள் மட்டுமே. அவர்களுடைய பிள்ளைகளும் நம் வகுப்பறையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். உலகம் முழுவதும் 2022-இல் சேர்ந்த மின்கழிவு 6.2 கோடி டன் என்றும், அதில் முறையாகத் திரட்டி மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 விழுக்காடு மட்டுமே என்றும் ஐ.நா. அமைப்புகளின் அறிக்கை சொல்கிறது. இந்த எண்ணைக் கரும்பலகையில் எழுதிப் போடுவதைவிட, எதைத் தொட்டால் என்ன ஆகும் என்பதை அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லுவது அவசரமான வேலை.

எடுத்துக்காட்டாக, டியூப் லைட். பொங்கலை ஒட்டிப் பட்டம் விடும் நாள்களில், மாஞ்சா போடுவதற்குப் பழைய டியூப் லைட்டை உடைத்து அம்மியில் அரைத்ததை என் சிறு வயதில் நானே செய்திருக்கிறேன். மாஞ்சா கழுத்தை அறுக்கும் என்பதை இன்று எல்லோரும் சொல்கிறார்கள். அந்தக் குழாய்க்குள் பாதரச ஆவி இருக்கிறது என்பதை யாரும் சொல்வதில்லை. குழாய் உடைந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டுச் சிறிது நேரம் அறையை விட்டு வெளியேற வேண்டும், துடைப்பத்தால் பெருக்கக் கூடாது, கெட்டி அட்டையால் சில்லுகளை வாரி மூடியுள்ள பாட்டிலில் போட வேண்டும் என்பதை ஐந்தாம் வகுப்புக் குழந்தையாலும் செய்ய முடியும். உப்பிய செல்பேசி பேட்டரியைக் குத்திப் பார்க்கக் கூடாது, அது தீப்பற்றும் என்பதும் அப்படிப்பட்ட செய்திதான். போகியன்று தெருமுனையில் எரிகிற குவியலில் பழைய ஒயரும் ரிமோட்டும் விழாமல் பார்த்துக்கொள்ள, மேளம் தட்டுகிற பிள்ளைகளைவிடத் தகுந்த காவல் வேறு இல்லை.

அபாயகரமான கழிவு என்றால் என்ன என்று விளக்க, வட ஆற்காட்டு ஆசிரியர் வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை. ராணிப்பேட்டை சிப்காட்டில் 1990-களின் நடுவில் மூடப்பட்ட, குரோமேட் என்னும் குரோமிய உப்பைத் தயாரித்த ஆலை விட்டுச் சென்ற இரண்டு லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவு, நிலத்தடி நீரை மஞ்சளாக்கிய கதை இங்கே இருக்கிறது. 2006-இல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு வெளியிட்ட, உலகில் மிக மோசமாக மாசடைந்த பத்து இடங்களின் பட்டியலில், செர்னோபிலோடு ராணிப்பேட்டையும் இருந்தது. 2015 ஜனவரி 31 அன்று அதே சிப்காட்டில் தோல் கழிவுநீர்ப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் உடைந்து பத்துத் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியாக ஏற்றதும் பாலாற்றுத் தோல் ஆலைகள் தொடர்பான வழக்கில்தான். இந்தியா முழுவதும் சட்டம் படிக்கும் மாணவர்களுக்கு வேலூரின் பெயர் அந்த வழக்கால் தெரிந்திருக்க, வேலூர்ப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருப்பது எனக்கு வருத்தம். செல்பேசி செய்து விற்பவரே அதன் கழிவுக்கும் பொறுப்பு என்கிற இன்றைய மின்கழிவு விதியும் அந்தக் கோட்பாட்டின் வழியில் வந்ததே.

இவ்வளவும் சொல்லும் நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மேல்நிலை வகுப்பின் செய்முறைத் தேர்வில் உப்புப் பகுப்பாய்வு செய்யும்போது, ஈய உப்பின் கரைசலில் பொட்டாசியம் குரோமேட்டைச் சேர்த்தால் அழகான மஞ்சள் வீழ்படிவு வரும். பிள்ளைகள் அதைத் தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் பார்ப்பார்கள்; நானும் ரசித்திருக்கிறேன். தேர்வு முடிந்ததும் ஈயமும் குரோமேட்டும் நிறைந்த அத்தனை சோதனைக் குழாய்களையும் தொட்டியில் கவிழ்த்துக் குழாயைத் திறந்துவிடுவோம். அந்தத் தண்ணீர் ஆய்வகத்தின் பின்சுவரிலிருந்த ஓட்டை வழியாக ஒரு வேப்பமரத்தின் அடியில் போய்ச் சேரும். ராணிப்பேட்டையின் மஞ்சளும் என் ஆய்வகத்தின் மஞ்சளும் ஒரே குரோமியத்தின் நிறம் என்பது வேதியியல் ஆசிரியனான எனக்குத் தெரியாததா? தெரிந்துதான் செய்தோம். எல்லாப் பள்ளியிலும் அப்படித்தான் செய்தார்கள். ஒரு மூடி போட்ட கேனில் 'ஈயம், குரோமியம்' என்று எழுதி ஒட்டி, கழிவை அதில் ஊற்றச் சொல்லியிருந்தால் அன்றைய செய்முறை வகுப்பிலேயே இந்தப் பாடத்தில் பாதி முடிந்திருக்கும். குரோமேட்டில் இருக்கும் ஆறு இணைதிறன் குரோமியத்தை அமிலக் கரைசலில் பெரஸ் சல்பேட் என்ற இரும்பு உப்பைக் கொண்டு, நச்சு குறைந்த மூன்று இணைதிறன் நிலைக்கு மாற்றலாம் என்பதை அதே வகுப்பில் ஒரு சோதனையாகவும் செய்து காட்டலாம். பெரஸ் சல்பேட் இல்லாத பள்ளி ஆய்வகம் இல்லை.

மாணவருக்குக் கணக்குப் பாடமாகவும் ஒன்று கொடுக்கலாம். பெயிண்ட் டப்பா, பூச்சிமருந்து டப்பா, சி.எஃப்.எல். பல்பு, டியூப் லைட், காலாவதியான மாத்திரை, உடைந்த பாதரச வெப்பமானி, பேட்டரி, ஊசி ஆகியவற்றை வீட்டு அபாயக் கழிவு என்று வகைப்படுத்திய 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள், 20 சதுர கிலோமீட்டருக்கு அல்லது அதன் பகுதிக்கு ஒன்று வீதம் அவற்றைப் பெறும் மையம் அமைக்கும்படி கூறின. சுமார் 88 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள வேலூர் மாநகருக்கு எத்தனை மையங்கள் வேண்டும்? ஐந்து என்று விடை எழுதுகிற மாணவன், தன் வீட்டுக்கு அருகில் உள்ளது எது, எந்த நாளில் எத்தனை மணிக்குத் திறந்திருக்கும் என்று விசாரித்து வந்து அடுத்த வரியில் எழுதட்டும். அந்த இரண்டாவது விடைக்கு மதிப்பெண் கூடுதலாகவே போடலாம்.

இன்வெர்ட்டர் பேட்டரியை யாரும் குப்பையில் போடுவதில்லை. பழையதைக் கொடுத்தால் கடைக்காரர் புதியதில் விலை கழிக்கிறார். ரிமோட் செல்லுக்கு அப்படி ஒரு காசு இல்லாததால் அது வாசல் குப்பையோடு போகிறது. இடைப்பட்ட நிலையில் இருப்பவை, 2006 முதல் 2011 வரை அரசு வழங்கிய 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகள். மாநிலம் முழுவதும் ஒரு கோடிக்கும் மேலாக வழங்கப்பட்ட அவற்றின் படக்குழாயின் பின்புறக் கூம்புக் கண்ணாடியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஈய ஆக்சைடு. செம்புச் சுருளை உருவிக்கொண்டு குழாயை ஏரிக்கரையில் வீசிவிடுகிறார்கள், ஏனென்றால் கண்ணாடிக்கு விலை இல்லை. சுற்றுச்சூழல் கல்வியை எல்லா வகுப்புகளிலும் கட்டாயமாக்க உச்ச நீதிமன்றம் 1991-இலும் 2003-இலும் கூறிய பிறகும், தன் வீட்டு அலமாரியில் பூ வைத்து மூடியிருக்கும் அந்தப் பெட்டிக்குள் ஈயம் இருக்கிறது என்று நம் மாணவருக்குத் தெரியவில்லை என்றால், பாடத்தைப் புத்தகத்தின் எந்தப் பக்கத்தில் தேடுவது?

ஆகவே, பள்ளிக் கல்வித் துறையும் மாசு கட்டுப்பாட்டு வாரியமும் சேர்ந்து, வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் ஒன்றியத்துக்கு ஒரு பள்ளியை மையமாகக் கொண்டு, ஆண்டுக்கு ஒரு முறை வண்டி அனுப்பிப் பள்ளிகளின் மின்கழிவையும் ஆய்வகக் கழிவையும் எடுத்துச் செல்ல ஏற்பாடு செய்யுமாறு தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். வண்டி வரும் நாளைக் கோடை விடுமுறையில் வைக்காமல் பள்ளி நடக்கும் நாளில் வைத்தால், எடை போட்டு எழுதுவதையும் பெயர் ஒட்டுவதையும் மாணவர்களே பார்க்கலாம். காட்பாடி ஒன்றியத்தில் அந்த வேலைக்கு ஆள் குறைந்தால் என்னைப் போன்ற ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியர்கள் வருவோம். எந்த அலமாரியில், எந்தப் பழுப்பு பாட்டிலில் டைகுரோமேட் இருக்கிறது என்பது எங்களுக்கு இன்னும் நினைவிருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற முதுகலை வேதியியல் ஆசிரியர்,
காட்பாடி.