வரலாறு விருப்பப் பாடம்: அளவு தடையல்ல, நூல் இல்லாமையே தடை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடிமைப் பணித் தேர்வுக்கு விருப்பப் பாடத்தைத் தேர்ந்தெடுப்பது குறித்துத் தங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தில் வெளியான கட்டுரை, வரலாறு கரைகாண முடியாத பாடம் என்பதால் அதைத் தவிர்ப்பதே நல்லது என மாணவர்களுக்கு அறிவுறுத்தியிருந்தது. கல்லூரியில் வரலாறு கற்பித்து ஓய்வுபெற்ற பின்னரும் இத்தேர்வுக்குப் படிப்போரின் பயிற்சி விடைத்தாள்களைத் திருத்திக் கொடுத்து வருபவன் என்ற முறையில், அந்த அறிவுரையோடு எனக்கு உடன்பாடில்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

பாடத்திட்டம் நீளமானது என்பதை யாரும் மறுக்கவில்லை. முதல் தாள் கற்காலத்தில் தொடங்கிப் பதினெட்டாம் நூற்றாண்டில் முடிகிறது. இரண்டாம் தாள் ஐரோப்பியர் வருகையிலிருந்து 1964 வரையிலான இந்தியாவையும், ஐரோப்பிய அறிவொளிக் காலம் முதல் சோவியத் ஒன்றியத்தின் சிதைவு வரையிலான உலகத்தையும் உள்ளடக்கியது. ஆனால் இதில் ஒரு பகுதியைப் பொது அறிவு முதல் தாளுக்காக எல்லோருமே படித்துத்தான் ஆக வேண்டும். 2013 முதல் ஒரே ஒரு விருப்பப் பாடம்தான் என்றாகிவிட்ட நிலையில், முதன்மை எழுத்துத் தேர்வின் 1,750 மதிப்பெண்களில் 500 அதற்கே உரியவை. அவ்வளவு மதிப்பெண்ணுள்ள பாடத்தைப் பக்க எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஒதுக்குவது சரியாகப் படவில்லை. தொடர்ந்து படிக்கும் பழக்கமும் படித்ததை எழுதிப் பார்க்கும் பொறுமையும் உள்ளவருக்கு இப்பாடம் கைகொடுக்கும். அவை இல்லாதவர் எந்தப் பாடத்தை எடுத்தாலும் திண்டாடத்தான் செய்வார்.

முதல் தாளின் முதல் வினாவையே எடுத்துக்கொள்வோம். இந்திய வரைபடத்தில் இருபது இடங்கள் புள்ளிகளாகக் குறிக்கப்பட்டிருக்கும்; ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு குறிப்பும் தரப்பட்டிருக்கும். இடத்தின் பெயரைக் கண்டறிந்து ஏறத்தாழ முப்பது சொற்களில் அதன் சிறப்பை எழுத வேண்டும். கட்டாய வினாவான இதற்கு மொத்தம் 50 மதிப்பெண்கள், அதாவது தாளின் ஐந்தில் ஒரு பங்கு. தாமிரபரணிக் கரையில் ஒரு புள்ளி இருந்தால் அது ஆதிச்சநல்லூரா கொற்கையா என்று அந்தச் சிறிய வரைபடத்தில் கண்ணால் பிரித்தறிவது கடினம். ஈமத்தாழிகள் கிடைத்த இடமா, பண்டைத் துறைமுகமா என்று குறிப்பைப் பார்த்துத்தான் முடிவுகட்ட வேண்டும். நம் மாணவர்கள் அரிக்கமேட்டிலும் கொடுமணலிலும் தடுமாறுவதில்லை. குழிவீடுகள் கண்டறியப்பட்ட காஷ்மீரத்துப் புர்சஹோம், எலும்புக் கருவிகளுக்குப் பெயர்பெற்ற பீகாரின் சிராந்த், வெண்கலத் தேர் கிடைத்த மகாராஷ்டிரத்துத் தைமாபாத் என்று வரும்போதுதான் பேனா நின்றுவிடுகிறது. நாள்தோறும் வெற்று வரைபடத்தில் சில இடங்களைக் குறித்துப் பழகினால் தீரக்கூடிய குறை இது. அதற்குப் பல்லாயிரம் ரூபாய் பயிற்சிக் கட்டணமும் தேவையில்லை, டெல்லியிலிருந்து வரும் ஒளிநகல் குறிப்புக் கட்டுகளும் தேவையில்லை.

கட்டுரை வினாக்களின் சிக்கல் வேறு வகையானது. சோழர் அரசின் தன்மையை ஆராய்க என்று கேட்டால், பெரும்பாலோர் இராசராசனின் வெற்றிகளையும் பெரிய கோயிலையும் இராசேந்திரனின் 1025 கடாரப் படையெடுப்பையும் வரிசையாக எழுதி நிரப்பிவிடுகிறார்கள். வினா அதுவன்று. சோழர் அரசில் வலுவான மைய ஆட்சியைக் கண்ட வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரியின் கருத்து, அதை மறுத்து அதிகாரம் ‘நாடு’ எனப்பட்ட வட்டாரப் பிரிவுகள்தோறும் சிதறிக் கிடந்தது என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் பர்ட்டன் ஸ்டைனின் கூறாக்க அரசுக் கோட்பாடு, கல்வெட்டுகளிலுள்ள அதிகாரப் பெயர்களையும் வரிப் பெயர்களையும் எண்ணிக் கணக்கிட்டு அக்கோட்பாட்டைச் சோதித்த நொபோரு கராஷிமா, எ.சுப்பராயலு ஆகியோரின் ஆய்வுகள் ஆகியவற்றை எதிரெதிரே நிறுத்தி எடைபோட வேண்டும். 919, 921 ஆம் ஆண்டுகளின் உத்தரமேரூர்க் கல்வெட்டுகளைக் காட்டி, சோழநாட்டின் எல்லா ஊர்களிலும் குடவோலைத் தேர்தல் நடந்ததாக எழுதாத விடைத்தாளைக் காண்பது அரிது. அவை ஒரு பிராமணர் ஊரின் சபையைப் பற்றியவை என்பதும், போட்டியிட நிலவுடைமை, சொந்த மனை, வேதக் கல்வி முதலிய தகுதிகள் கோரப்பட்டன என்பதும் அக்கல்வெட்டுகளிலேயே உள்ளன. மேடைகளில் ஓயாமல் சொல்லப்படும் பெருமிதம் விடைத்தாளிலும் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

தமிழில் எழுதுவோருக்கு இதற்கும் மேலான ஒரு தடை இருக்கிறது. என் கருத்தில் கட்டுரையாளர் பேசியிருக்க வேண்டியது அதைத்தான். 2013 மார்ச்சில் வட்டார மொழிகளில் தேர்வெழுதுவதற்குக் கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டபோது தமிழகம் உள்ளிட்ட மாநிலங்கள் எதிர்த்தன. அம்மாதமே அவை கைவிடப்பட்டன. அந்த உரிமை இன்றும் இருக்கிறது. வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே அச்சிடப்படும் என்றாலும், விடையைத் தமிழில் எழுதலாம். கலைச்சொற்களுக்கு அடைப்புக்குறிக்குள் ஆங்கிலமும் தரலாம். ஆனால் எதைப் படித்துவிட்டு எழுதுவது? கல்லூரிக் கல்வியைத் தமிழில் தருவதற்காக 1960, 70-களில் அரசு வெளியிட்ட வரலாற்று நூல்கள் இன்று தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் கிடைக்கின்றன. நல்ல உழைப்பில் உருவானவை அவை. நானும் அவற்றில் படித்தவன்தான். எனினும், இன்றைய வினாக்கள் எந்த விவாதங்களின் மீது நிற்கின்றனவோ, அவற்றில் பல அந்நூல்கள் அச்சான பிறகு எழுந்தவை. ஸ்டைனின் கோட்பாடு முழு வடிவில் வந்தது 1980-ல், இந்தியாவில் நிலமானிய முறை (feudalism) நிலவியது என்ற வரலாற்றாசிரியர் ஆர்.எஸ்.சர்மாவின் கருத்தை மற்றொரு வரலாற்றாசிரியரான ஹர்பன்ஸ் முகியா கேள்விக்குள்ளாக்கியது அதற்குச் சற்று முன்னர். கீழடி அகழாய்வு தொடங்கியதோ 2014-க்குப் பின்னர்.

நான் முதல்வன் திட்டத்தின் கீழ் முதனிலைத் தேர்வில் வென்றோருக்கு அரசு 25,000 ரூபாய் ஊக்கத்தொகை வழங்குவது பாராட்டுக்குரியது. அந்தப் பணத்தைக் கொண்டு வாங்குவதற்குத் தமிழில் நூல் வேண்டாமா? தமிழ்நாட்டுப் பாடநூல் கழகம் வரலாற்று அறிஞர்களைக் கொண்டு இவ்விரு தாள்களுக்கும் உரிய நூல்களைப் புதிதாக எழுதுவித்து, மாவட்ட மைய நூலகங்களில் போதிய படிகள் கிடைக்கச் செய்ய வேண்டும். முதல் தாளின் தென்னிந்தியப் பகுதிக்குத் தமிழில் ஓரளவு நூல்கள் இருப்பதால், பணியை உலக வரலாற்றிலிருந்து தொடங்குவதே முறை. பொலிவாரின் இலத்தீன் அமெரிக்கா, நாசரின் எகிப்து, தென்னாப்பிரிக்காவின் நிறவெறி ஆட்சி, வியட்நாம் என்று பாடத்திட்டம் விரியும் அப்பகுதியில்தான், தமிழில் எழுதுவோர் பள்ளிப் பாடநூலுக்கு மேல் பற்றிக்கொள்ள ஏதுமின்றி நிற்கிறார்கள்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியர்,
திருச்சிராப்பள்ளி.